மணல் ஊதிய சங்கு

கொண்டல்துறையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஆள் ஓடுவது ஆண்டியப்பர் குடிசைக்குத்தான். பிணத்துக்கு முன்னால் சங்கு ஊதிக்கொண்டு சுடுகாடு வரைக்கும் நடப்பது அவருடைய தொழில். கூலியாகக் கிடைக்கும் அரிசியில்தான் அவரும் அவர் மனைவி செம்பாயியும் கஞ்சி காய்ச்ச வேண்டும். ஊரில் யாரும் சாகாவிட்டால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அப்படியிருந்தும், "இன்னிக்கும் யாரும் சாகக் கூடாது அப்பனே" என்று தினமும் வேண்டிக்கொண்டுதான் படுக்கையை விட்டு எழுந்தார் அந்த மனிதர். இதற்கு மேல் பக்தி என்ன வேண்டும், சொல்லுங்கள்!

விடியலில் கடலில் முழுகி, சங்கை மஞ்சள் நீரில் கழுவி, திசைநாதர் கோயிலின் கிழக்கு மதிலுக்கு வெளியே போய் நிற்பார். சாவுச் சங்கு ஊதுகிறவருக்கு உள்ளே இடமில்லை என்பது ஊர் வழக்கம். அதற்காக அவர் முகம் சுளித்ததில்லை. மதிலுக்கு அப்பால் இருக்கும் ஈசனை நினைத்து, கடலைப் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஊதுவார். சுடுகாட்டுக்கு ஊதுவது வயிற்றுக்காக, இது அப்பனுக்காக. படகுக்காரர்களுக்கோ அந்த ஓசை காதில் விழுந்தாலே ஆகாது. கடலுக்குப் போகும் நேரத்தில் சாவுச் சங்கா என்று காறித் துப்பிவிட்டுத்தான் படகைத் தள்ளுவார்கள்.

எஞ்சின் வராத காலம் அது. பாய்மரமும் துடுப்புமே துணை. பங்குனிக் கடலோ நம்பத் தகுந்ததன்று. வடக்கிலிருந்து வந்த வாடைக்காற்று போயிருக்கும்; தென்மேற்கிலிருந்து வரவேண்டிய கச்சான் காற்று வந்திருக்காது. விரிகுடா குளத்து நீர்போலக் கிடக்கும். ஆகா, என்ன அழகான கடல் என்று நாம் சொல்லி வாய் மூடுவதற்குள் கச்சான் எங்கிருந்தோ பாய்ந்து பாயைக் கிழிக்கும். காற்றே இல்லாத நாளில் பனி இறங்கி, நீட்டிய கை தெரியாமல் மூடிவிடும்.

அப்படி ஒரு பங்குனியில், ஆண்டியப்பர் ஊதி முடித்த கையோடு புறப்பட்ட படகு ஒன்றைக் கச்சான் கவிழ்த்தது. அதில் இறந்தவர் வைரவன் சம்மாட்டியின் தம்பி. துறையிலிருந்த படகுகளில் பெரும்பாலானவை சம்மாட்டிக்குச் சொந்தம். ஊரே அவர் சொல்லைத் தட்டாது. தம்பியின் உடலுக்கு முன்னால் நடந்து சங்கு ஊதியவரும் ஆண்டியப்பரே. சுடுகாட்டில் பால் தெளித்துக் காடாற்றிய மறுநாள் சம்மாட்டி அவரைக் கரைக்கு இழுத்துவரச் செய்தார்.

"உஞ் சங்குதாண்டா எந் தம்பியத் தின்னுச்சு. இனிமே இந்தக் கரையில அது சத்தம் கேக்கக் கூடாது. கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு!"

ஆண்டியப்பர் அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தார். கோபத்தையன்று, தம்பியை இழந்த அண்ணனின் துக்கத்தையே அவர் கண்டார். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். வீட்டுக்கு வந்தபின்தான் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கை சுட்டதுக்கா அழுகிறீக?" என்று கேட்டார் செம்பாயி.

"கை கெடக்கு கழுத. நாளைக்கு விடிஞ்சா அப்பன் காதக் குடுத்துக்கிட்டு உக்காந்திருப்பானே. நான் என்ன செய்வேன்?"

மறுநாள் விடியலில் அவர் என்ன செய்தார் தெரியுமா? வழக்கமான இடத்தில் மணலைக் குழியாகத் தோண்டினார். சங்கின் வாயைக் குழிக்குள் வைத்துச் சுற்றிலும் ஈர மணலை அணைத்தார். மண்டியிட்டுக் குனிந்து ஊதினார். பக்கத்தில் நின்றால்கூடக் கேட்கவில்லை. ஓசை முழுவதையும் மணல் குடித்துக்கொண்டது.

பார்த்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மனுசனுக்கு ஊதி முடிச்சாச்சு, இப்ப மண்ணுக்குச் சாவுச் சங்கு ஊதுறான் ஆண்டி!" என்று வலைக்கூடத்திலிருந்து ஒருவன் கத்துவான். "மண்ணு செத்தா எங்க பொதைப்பீக?" என்று இன்னொருவன் கேட்பான். ஆண்டியப்பரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். மண்ணுக்குள் ஊதினால் மண்ணையும் படைத்தவனுக்குக் கேட்காமலா போகும் என்பது அவர் கணக்கு. மணல் எதிர்த்துத் தள்ளுவதால் மார்பு நோகும், கன்னம் வீங்கும், கண்ணில் நீர் முட்டும். மழையிலும் வாடையிலும் ஒரு விடியலைக்கூட அவர் தவறவிடவில்லை.

மறுபடி பங்குனி வந்தது. உத்திரத்தன்று காலையில் திசைநாதர் படகேறி, விரிகுடா நடுவிலுள்ள மணல்திட்டுக்குப் போய்த் தீர்த்தமாடித் திரும்புவது வழக்கம். சாமி ஏறுவது சம்மாட்டியின் படகில். அதனோடு போகும் படகுகளில் ஊரில் பாதி இருக்கும். மேளக்காரர்களும் அதில் அடக்கம். அந்தப் படகுகளில் மீன் நாற்றம் பட்ட எதையும் ஏற்றக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. வலை, தூண்டில், சேறு படிந்த நங்கூரம், எல்லாவற்றையும் கரையில் இறக்கிவிட்டுப் படகைக் கழுவி மாவிலை கட்டுவார்கள். அத்தனை சுத்தம்! ஒரு நங்கூரமாவது இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

தீர்த்தமாடிப் படகுகள் திரும்பிய நேரம், பொட்டுக் காற்று இல்லை. தண்ணீரிலிருந்து புகைபோல எழும்பிய பனி கண் இமைப்பதற்குள் விரிகுடாவை விழுங்கியது. சூரியன் எங்கே, கரை எங்கே? எதுவும் தெரியவில்லை. அடியில் நீரோட்டம் மட்டும் படகுகளைச் சத்தமில்லாமல் தெற்கே இழுத்தது. தெற்கே இருப்பது கூர்ங்கற்பாறை. அதன்மேல் அலை உடைகிற ஓசை கரையில் இருந்தவர்களுக்குக் கேட்டது. இழுபடும் படகை நிறுத்த நங்கூரம் இல்லை.

கரையில் பெண்கள் தட்டைத் தட்டினார்கள், கூவினார்கள். பனிக்குள் அந்தச் சத்தம் நாலாபக்கமும் சிதறியது. "எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?" என்று கடலிலிருந்து ஈனமாகக் குரல் வந்தது. கோயில் மணியை அடித்தார்கள். மதில்களுக்குள் சுழன்ற நாதம் வெளியே தெளிவாக வரவில்லை.

சம்மாட்டியின் மனைவி சேதுவம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தார். அவருடைய கணவரும் பிள்ளைகளும் சாமிப் படகில். கிழக்கு மதிலோரம் மண்டியிட்டிருந்த ஆண்டியப்பர் முன்னால் அப்படியே விழுந்தார்.

"அண்ணே, ஊதுங்கண்ணே!"

அதுவரை அந்த வீட்டில் யாரும் அவரை அண்ணன் என்று அழைத்ததில்லை.

"சத்தியம் பண்ணியிருக்கேனே தாயி."

"சத்தியத்த மீறுன பாவம் எந் தலையில விடியட்டும். ஊதுங்க!"

செம்பாயி கணவரின் கையைப் பிடித்தார். "படகு வரலைன்னா, ஊருக்கே சாவுச் சங்கு ஊதிட்டான்னு சொல்லுவாக. உசுரோட விடமாட்டாக."

"சொல்லட்டும் புள்ள. பாவமும் எங்கிட்டயே இருக்கட்டும். உசுருக கரைக்கு வரட்டும்" என்றார் அவர். "திசைநாதா!" என்று வாய்விட்டு அழைத்து, மணலில் புதைந்து கிடந்த சங்கை வெளியே எடுத்தார்.

மணலை எதிர்த்து ஊதி ஊதிப் பழகிய மார்பு அது. இப்போது எதிர்ப்பில்லை. மூச்சு பாய்ந்தது. கொண்டல்துறை அதுவரை கேட்டிராத முழக்கம் ஒன்று பனியைப் பிளந்துகொண்டு கடலுக்குள் போனது.

படகில் இருந்தவர்களோ நடுங்கினார்கள். "சாவுச் சங்குடா! சத்தத்துக்கு எதிர்ப்பக்கமாத் தள்ளுங்கடா!" என்று அலறினான் ஒருவன். துடுப்புகள் திரும்பின. சம்மாட்டி பாய்ந்து எழுந்தார். தம்பியைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன அன்று கேட்ட அதே சங்கு. ஆனாலும் அவர் கடலில் பிறந்து வளர்ந்தவர்.

"முட்டாப் பயலுகளா! சாவுச் சங்குன்னாலும் அது கரையிலதானடா இருக்கு! அங்கிட்டுத் தள்ளுங்க!"

படகுகள் ஓசையைப் பார்த்துத் திரும்பின. நீரோட்டம் விடவில்லை. எத்தனை தள்ளினாலும் அதில் பாதித் தொலைவு பின்னுக்கு இழுத்துப்போனது. கரையில் ஆண்டியப்பர் ஊதினார், ஊதினார், உதடு வெடித்து ரத்தம் வழிய ஊதினார். சங்கு ஊதும் கூலி நின்றுபோய் மாதக்கணக்காக அரைவயிற்றுக் கஞ்சி குடித்த உடம்பு எவ்வளவுதான் தாங்கும்? கண் இருண்டு சாய்ந்தார். சங்கு கையிலிருந்து உருண்டது.

"ஐயோ, போச்சே!" என்று சேதுவம்மாள் மார்பில் அடித்துக்கொண்டார்.

ஆனால் முழக்கம் நிற்கவில்லை.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சங்கு வெறும் மணலில் கிடக்கிறது. ஊதியவர் மனைவியின் மடியில் நினைவின்றிக் கிடக்கிறார். ஓசையோ இடைவிடாமல் பொங்குகிறது. செம்பாயிதான் முதலில் கண்டார். அது குழியிலிருந்து வந்தது! கணவர் விடியல்தோறும் மண்ணுக்குள் ஊதிய ஓசை அத்தனையும், ஒரு மூச்சுக்கூடக் குறையாமல், மணலிலிருந்து எழுந்துகொண்டிருந்தது. அந்தக் கரையே ஒரு சங்காகி முழங்கியது. செம்பாயி இரு கைகளையும் தலைமேல் குவித்தார்.

பனிக்குள்ளிருந்து முதலில் சாமியின் குடை தெரிந்தது. பிறகு படகு. பின்னாலேயே மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக, ஒன்றுகூடக் குறையாமல் வந்தன. சம்மாட்டியின் படகு நேராக வந்து அந்தக் குழியில் மூக்கைப் புதைத்து நின்றது. அந்தக் கணத்தில் ஓசை அடங்கியது. கரையில் எழுந்த குலவையில் கடற்பறவைகள் கலைந்து பறந்தன.

குதித்து இறங்கிய சம்மாட்டி, அப்போதுதான் கண் விழித்த ஆண்டியப்பரின் காலைப் பிடித்தார். "அண்ணே! நாங்க கரை தொடுற வரைக்கும் விடாம ஊதுனீகளே!"

ஆண்டியப்பர் திகைத்தார். "இல்லையே சம்மாட்டி. நான் பாதியிலேயே விழுந்துட்டேனே. அப்புறம் ஊதுனது யாரு?"

எல்லோர் கண்களும் படகில் இருந்த திசைநாதரிடம் போயின. சாமியோடு வந்த குருக்கள் கைகூப்பி, "நீ மண்ணுல ஊதினது எல்லாத்தையும் அவர் காதால வாங்கி வச்சிருந்திருக்கார்ப்பா" என்றார். ஆண்டுதோறும் சம்மாட்டிக்குப் போடும் சாமி மாலையை, சம்மாட்டியே வாங்கி ஆண்டியப்பர் கழுத்தில் போட்டார். பிறகு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, கிழக்கு வாசல் வழியாகச் சன்னிதிவரைக்கும் நடந்தார். அன்றுதான் ஆண்டியப்பர் தம் அப்பனைக் கண்ணாரக் கண்டார். கண்டு, "என் சத்தம் கேட்டுச்சா அப்பனே!" என்று மட்டும் கேட்டாராம்.

அன்றுமுதல், விடியலில் அவர் சங்கு முழங்கிய பிறகே கொண்டல்துறையில் படகுகள் நீரில் இறங்கின. சாவுச் சங்கென்று துப்பிய வாய்களே, அவரைச் சங்கு ஊதும் அடியாராக்கி, "சங்கடியார் ஊதியாச்சா?" என்று கேட்டுக் காத்து நின்றன. ஒருவர் காதிலும் விழாமல் ஊதிய மூச்சைக்கூட ஒன்று விடாமல் காத்து வைத்தான் ஈசன். அந்த மூச்சுக்கு உரிய பெரியவரை நினைத்தாலே நம் நெஞ்சும் நிறைகிறது.