ஒரு சாவு, இரண்டு வழக்கு

இந்த வழக்கைக் கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்.

உப்பளக் கிடங்கு ஒன்றில் பட்டப்பகலில் இருவர் திருடப் புகுந்தார்கள். தடுத்த காவலாளி, அவர்களில் ஒருவன் கம்பியால் அடித்ததில் இறந்துபோனார். சோறு கொண்டுவந்த அவர் மனைவி அன்னக்கொடி, இருவரும் ஓடுவதைப் பார்த்தாள். அடித்தது யார் என்பதை அவள் பார்க்கவில்லை.

முத்திருளன் மறுநாளே பிடிபட்டான். “நானும் போனேன். அடித்தது செல்வின்” என்று மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தான். தலைமறைவான செல்வின் சிக்க இரண்டரை ஆண்டுகள் ஆயின. அவன் மேல் தனிக் குற்றப்பத்திரிகை, தனி வழக்கு. இரண்டுக்கும் அன்னக்கொடிதான் முக்கிய சாட்சி.

அவள் ஒன்பதாவது வாய்தாவுக்கு வந்திருந்த அன்று, இரண்டு வழக்கையும் சேர்த்து விசாரிக்கும்படி அரசு வக்கீல் மனுப் போட்டார். நீதிபதி திலகராஜின் மேசையில் அன்றைக்கு மட்டும் இன்னும் நாற்பது வழக்குக் கட்டுகள் இருந்தன. ஆனாலும் அவர் எல்லாரையும் கேட்டார்.

“ஐயா, ரெண்டு பஸ் மாறி வாரேன்” என்றாள் அன்னக்கொடி. “அவுக கெடந்த கோலத்த ஒருக்கச் சொல்லிருதேன். இன்னொருக்கச் சொல்லத் தெம்பில்ல.”

முத்திருளன் தலையே நிமிரவில்லை. “நாலு வருஷமா உள்ள கெடக்கேன். சேத்தோ பிரிச்சோ, முடிச்சு விடுங்கய்யா.”

செல்வின் மட்டும் மறுத்தான். “அடிச்சது அவன்தான்யா. சேத்து விசாரிச்சா அவன் சொன்னது என் கழுத்துக்கு வரும். அவன எதுத்து ஒரு கேள்வி கேக்க என் வக்கீலுக்கு வழி உண்டா?”

சேர்த்து விசாரிக்கலாம் என்கிறது சட்டம். சேர்த்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

நீதிபதியின் இடத்தில் நீங்கள் இருந்தால் யார் பேச்சைக் கேட்பீர்கள்? இதில் யார் கேட்டது நியாயம்?

விடை: செல்வின் கேட்டதுதான். கூட்டு விசாரணையில் மட்டும்தான் ஒருவன் வாக்குமூலம் மற்றவன் மேலும் பாயும். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனை வற்புறுத்திச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கேள்வி கேட்க முடியாத ஒரு சொல்லால் ஒருவனைத் தண்டிப்பது நியாயமாகாது. திலகராஜ் மனுவைத் தள்ளினார். அன்னக்கொடிக்காக அவரால் செய்ய முடிந்தது, இரண்டு சாட்சியத்தையும் ஒரே நாளில் வைத்ததுதான். காலையில் முத்திருளன் வழக்கில் சொன்னாள். மத்தியானம் செல்வின் வழக்கில் சொன்னாள்.

“புருஷன் செத்ததைச் சொல்லும்போது கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லையே, ஏன்?” என்று மடக்கினார் செல்வினின் வக்கீல்.

“காலையிலயே அழுதுட்டேன், ஐயா” என்றாள்.