வெள்ளிக்கிழமை வெல்லம்

முன்னொரு காலத்தில் கரும்புக்குப் பேர்போன நாடொன்றை வீரகேது என்ற ராஜா ஆண்டுவந்தான். அவன் வாய் ஓயாது. அதிரசம் உள்ளே போகும், உத்தரவு வெளியே வரும்.

அவனுடைய பிரதானி சோமநாதனுக்கு ஒரு கரும்பாலை. ஆட்களை அடைத்துவைத்து, தூங்கவிடாமல், சாட்டையால் அடித்து வேலை வாங்கினான் அந்தப் பாவி. அதிரசக் கடை பாவாயிக்கு இது தெரிந்தது. "அந்த வெல்லம் எங்கடைக்கு ஆகாது" என்று பக்கத்தூர் வெல்லம் வாங்கிச் சட்டி ஏற்றினாள். ஊரும் அவளோடு சேர்ந்துகொண்டது. மூன்று மாதம் ஒரு வீட்டிலும் பிரதானி வெல்லம் நுழையவில்லை.

"மகாராஜா, என் வெல்லத்தை மறுப்பது ராஜதுரோகம்" என்று சபையில் குமுறினான் பிரதானி.

ராஜா அதிரசத்தை மென்றபடியே பாவாயியை வரவழைத்தான். "பிரதானி ஆலைமேல் நீ சொல்லும் பழியை இப்போதே நிரூபி. இல்லாவிட்டால் நாக்கை அறுத்து நாடு கடத்துவேன்."

"காசு என்னுது, வாயும் என்னுது. எதைத் திங்கறதுன்னு நாந்தானுங்க முடிவு பண்ணோணும்" என்ற பாவாயி, மடியிலிருந்து ஒரு வெல்ல உருண்டையை எடுத்துப் பிரதானியிடம் நீட்டினாள். "உங்க ஆலையில போன வெள்ளிக்கிழமை காய்ச்சுனதுங்க. இதைத் தின்னுட்டீங்கன்னா நான் சொன்னது பொய்யின்னு ஒத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை என்றதும் பிரதானிக்கு முகம் வெளுத்தது. உருண்டையை வாங்கிய கை வாய்வரை போய் நின்றது.

"சாப்பிடுங்காணும்" என்றான் ராஜா.

"என்னால் முடியாது, மகாராஜா." உருண்டை நழுவிக் கீழே விழுந்தது.

பாவாயி அதை எடுத்து ஊதித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். "இது பக்கத்தூரு வெல்லமுங்க. ஆனா வெள்ளிக்கிழமை அந்த ஆலையில அடைபட்டுக் கெடக்கற மாரப்பன் கை கரும்பு நசுக்கற உருளைக்குள்ள போயிருச்சு. மூணு நாளாத் தூங்காதவன். ஆலை சுத்தற மாட்டை நிறுத்தலீங்க, ரத்தம் கலந்த சாத்தைக் கீழ கொட்டலீங்க. அப்படியே காய்ச்சிட்டாங்க."

"அந்த வெல்லம் இப்போது எங்கே?" என்றான் ராஜா.

"ஊர்ல ஆரும் வாங்கலீங்க. அரமணைக்குத்தான் வந்துச்சு."

ராஜா சபை நடுவிலேயே துப்பினான். துப்பினால் ஆச்சா? தின்றது தின்றதுதான்.

"என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை?"

"மூணு மாசமாச் சொல்லிக்கிட்டுத்தானுங்க இருந்தோம். ஊரே வாங்காம இருந்தது உங்க காதுல விழலியே."

ராஜா தலைகுனிந்தான். பிரதானியின் தலைப்பாகையைக் கழற்றி, அவனைச் சிறைக்கு அனுப்பினான். பாவாயிக்குத் தன் முத்துமாலையை நீட்டினான். அவள் தொடவில்லை.

"ஆலையை மாரப்பனுக்கும் அவங்கூட அடிபட்டவங்களுக்கும் குடுங்க. குடுக்கற வரைக்கும் நாங்க வாங்கமாட்டோம். நீங்களும் வாங்காதீங்க."

ராஜாவுக்கே உத்தரவு. அவன் தலையாட்டினான்.

ஆலை கைமாறிய மறுநாள் ஊரே கூடையோடு அங்கே போய் நின்றது. அரண்மனை ஆளும் வந்திருந்தான். வரிசையில் கடைசியாக நின்றான்.