இடது பின்சக்கரம்

சென்னியப்பன் போத்தனூருக்கு வந்து ரெஜினாவின் பட்டறையைக் கண்டுபிடித்தபோது அவருடைய நெற்றியில் தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை.

ரெஜினா அவரைவிட இருபது வயது இளையவள். பந்தயக் கார்களுக்குச் சக்கரம் நேர் பார்த்துக் கொடுப்பது அவள் தொழில். ஓட்டுகிறவர்கள் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அப்படியே கூப்பிட்டார்.

"டீச்சர், என் கார் நேரா போக மாட்டேங்குதுங்க."

"விட்டுட்டுப் போங்கண்ணா. பார்த்து வைக்கிறேன்."

"நீங்க கத்துக் குடுங்க, நான் பண்ணிக்கிறேன். அது நாங்களே கட்டின கார். வேற கை படக் கூடாதுங்க."

ரெஜினா நெற்றித் தையலைப் பார்த்தாள். "எந்தப் பக்கம் இழுக்குது?"

"இடது பக்கம். வேகம் எடுத்தா அப்படியே திரும்பிக்குது. அப்படித்தான் சுவத்துல போய் இடிச்சேன். முன் சக்கரத்தை எத்தனையோ விதமா மாத்திப் பார்த்துட்டேன்."

"பின் சக்கரத்தை?"

"ஸ்டீயரிங் முன்னாலதானுங்களே இருக்கு?"

"நீங்க எங்க போகணும்னு நினைக்கிறீங்களோ, அதை முன் சக்கரம் காட்டும். அவ்வளவுதான். நீங்க போய்ச் சேர்ற இடம் பின் சக்கரம் கொண்டு விடற இடம்."

மறுநாள் அவள் கணபதி பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் தாழ்வான, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய கார். சென்னியப்பனும் அவர் மனைவி வசந்தாமணியும் பம்ப் பட்டறை நடத்தியவர்கள். பட்டறையை விற்ற பிறகு, பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வைத்து இந்தக் காரைக் கட்டத் தொடங்கினார்கள். போல்ட் முடுக்குவது அவர் வேலை, வெல்டிங் வசந்தாமணியின் வேலை. பாதியில் அவளுக்கு நோய் கண்டது. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள். மீதியை அவர் தனியாக முடித்தார்.

மகள் நித்திலாவை முதலில் உட்கார வைத்து ஓட்ட வேண்டும் என்பது வசந்தாமணியின் ஆசை.

"மேல் கூட்டைக் கழட்டுங்க," என்றாள் ரெஜினா.

"கூடு நேரா இருக்குங்க. அதை வச்சுத்தான் அளந்தேன்."

"அது பார்வைக்கு இருக்கறது. சுமக்கறது உள்ள இருக்கு."

கழற்றினார். எலும்புக்கூடு போல வெறும் இரும்புச் சட்டம் நின்றது. அதன் நடுவிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் நடுக்கோடு போடச் சொன்னாள். அந்தக் கோட்டுக்கு இணையாக இரண்டு பக்கமும் நூல் கட்டச் சொன்னாள். அவர் ஸ்கேலை வைத்து அளந்தார். திரும்பவும் அளந்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இடது பின்சக்கரம் உள்நோக்கித் திரும்பியிருந்தது. அந்தச் சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புக் கை சட்டத்தோடு சேரும் இடத்தில், பிராக்கெட் சுண்டுவிரல் கனத்துக்கு உள்ளே தள்ளி வெல்டு செய்யப்பட்டிருந்தது.

"இதை அறுத்து வெளியே தள்ளி வைக்கணும்," என்றாள் ரெஜினா.

"அது முடியாதுங்க."

அவர் அந்த வெல்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அவ கடைசியா வச்ச வெல்டு அது. கை நடுங்கிட்டே இருந்துச்சு. நான் வைக்கட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா. வச்சு முடிச்சிட்டு இங்கதான் படுத்தா. அப்புறம் வெல்டிங் டார்ச்சைத் தொடவே இல்லை."

சக்கரத்தின் பக்கம் திரும்பிக் கேட்டார். "சக்கரத்தை அட்ஜஸ்ட் பண்ற ராடைத் திருகி நேராக்கிடலாமுங்களா?"

"ஆக்கலாம். நிக்கிறப்போ நேரா இருக்கும். ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினா மறுபடி திரும்பிக்கும்."

"அப்போ வலது பக்கத்தையும் அதே அளவு உள்ள தள்ளிட்டா? ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளிச் சமமா நிக்குமுங்களே?"

"சமமாத்தான் நிக்கும்."

ரெஜினா கிரைண்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "வலது பக்கத்தை அறுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலது பக்கம் மண்டியிட்டார். கிரைண்டர் சுழன்றது. பிராக்கெட்டுக்கு அருகில் கொண்டு போனார். அங்கிருந்த வெல்டு மீன் செதில் போல ஒரே சீராக ஓடியது. எங்கும் ஒரு பிசிறு இல்லை. பம்ப் பட்டறையில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போவார்களே, அந்தக் கை.

கிரைண்டரை அணைத்தார்.

"இதுவும் அவ வச்சதுதானுங்க. நல்லா இருந்தப்போ."

"தெரியுது," என்றாள் ரெஜினா.

"இதை எப்படிங்க அறுக்கறது?"

அவள் நூலை அவிழ்த்துச் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பல நாட்கள் அவரிடமிருந்து தகவல் இல்லை. ஒரு காலையில் போத்தனூருக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"நல்லா வச்சதைக் கெடுக்க மாட்டேனுங்க. இடது பக்கத்தையே அறுத்துடறேனுங்க. வெல்டு மட்டும் நீங்க வச்சுக் குடுங்க."

"வேற கை படக் கூடாதுன்னு சொன்னீங்க."

"எனக்கு அவ மாதிரி வராதுங்க, டீச்சர்."

"அவங்க மாதிரி வர வேண்டாம். கெட்டியா பிடிச்சு நின்னா போதும்."

துண்டு இரும்புகளை ஒட்டி ஒட்டிப் பழகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் வைஸ் இடுக்கியில் பூட்டிச் சுத்தியலால் அடித்தாள். முதலில் எல்லாமே ஒட்டிய இடத்திலேயே உடைந்தன. அவள் அடுத்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் தாண்டி, ஒரு துண்டை அடித்தபோது பக்கத்து இரும்பு வளைந்தது. ஒட்டு அப்படியே நின்றது.

"இப்போ அறுக்கலாம்," என்றாள்.

அவர் கொட்டகையில் குனிந்து அறுத்தார். பிராக்கெட் கழன்று தரையில் விழுந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சுடும்ணா."

"சுடட்டுங்க."

புதிய பிராக்கெட்டை நூல் பார்த்து வைத்து வெல்டு செய்தார். முடித்து முகமூடியைத் தூக்கியபோது முகமெல்லாம் ஈரம். வெல்டு மேடும் பள்ளமுமாக இருந்தது. அவர் அதைப் பார்த்து வெட்கப்பட்டார். ரெஜினா விளக்கைப் பிடித்துச் சுற்றிலும் பார்த்தாள். தலையசைத்தாள்.

சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புக் கைகளை மாட்டினார். கார் ஸ்டாண்டின் மேல் இருந்தது, சக்கரங்கள் தொங்கின. போல்ட்டுகளை இறுக்க ஸ்பேனரை எடுத்தார்.

"இப்போ வேண்டாம். கீழே இறக்குங்க."

"மேல இருக்கிறப்போதானுங்களே வசதி?"

"தொங்கறப்போ இறுக்கினா உள்ளே இருக்கிற ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும். பாரம் வந்த நிமிஷத்துல இருந்து முறுக்கிக்கிட்டே கிடக்கும். ஒரு நாள் கிழியும். சுமக்க வேண்டியதைச் சுமந்துகிட்டு நிக்கணும். அப்போ இறுக்கணும்."

இறக்கினார்.

"பக்கத்துல யார் உட்காரப் போறாங்க?"

"மகள்."

"கூப்பிடுங்க."

நித்திலா வந்தாள். அம்மாவின் காரில் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை. இடது இருக்கையில் மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். ஓட்டுகிறவர் இடத்தில் ரெஜினா உட்கார்ந்தாள். கார் சற்றே தாழ்ந்தது. சென்னியப்பன் பின்னால் படுத்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார்.

"அப்பா, ஆச்சா?"

"அசையாதே சாமி. ஒண்ணுதான் பாக்கி."

அவள் அசையவில்லை. முன்னால் சுவரைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். ரெஜினாவும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வெளியே பந்தயத் தடம் ஒன்று இருந்தது. வீட்டில் கட்டிய கார்களை ஓட்டிப் பார்க்க அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதித்தார்கள். நித்திலா ஹெல்மெட்டுடன் வந்து நின்றாள். சென்னியப்பன் காரின் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

ரெஜினாவைத் தனியே அழைத்தார்.

"டீச்சர், இடது பக்கம் நான் வச்ச வெல்டு. அந்தப் பக்கம் பொண்ணை உட்கார வைக்க மனசு வரலீங்க. அவ அம்மா வச்சதா இருந்தா யோசிச்சிருக்கவே மாட்டேன்."

ரெஜினா நித்திலாவிடமிருந்து ஹெல்மெட்டை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு இடது இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"வாங்க. முதல்ல நாம ஒரு சுத்து."

முதல் வளைவை மெதுவாகக் கடந்தார். அடுத்ததைக் கொஞ்சம் வேகமாக. பிறகு நீண்ட நேர்ப்பாதை வந்தது. கார் வேகம் எடுத்தது. அவர் ஸ்டீயரிங்கை வலது பக்கமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கார் இடது பக்கம் இழுத்த நாட்களில் அவர் கைக்கு வந்த பழக்கம் அது. கார் வலதுபுறம் ஒதுங்கியது.

"மறுபடி இழுக்குதுங்க!"

"கார் இழுக்கலை."

அவர் கையைத் தளர்த்தினார். கார் நடுவுக்கு வந்தது. ஆனாலும் விரல்கள் வெளுக்கும்படி பிடித்திருந்தார். காற்றின் சத்தத்தை மீறிக் கேட்டார்.

"அவ கடைசியா தொட்டதை நானே அறுத்துப் போட்டுட்டேன். இனி இந்தக் கார்ல அவ எங்கீங்க இருக்கா?"

"வலது பக்கம் அவங்க தாங்கறாங்க. இடது பக்கம் நீங்க தாங்கறீங்க," என்றாள் ரெஜினா. "இப்போ கையை எடுங்க."

சென்னியப்பன் கையை எடுத்தார்.