செம்பருத்திக்கு யார் தண்ணீர் ஊற்றியது?

முன்னொரு காலத்தில், வேலையாட்களுக்குப் பஞ்சமில்லாத, வேலை மட்டும் நடக்காத ஓர் அரண்மனை இருந்தது. விளக்கை ஏற்று என்றால் ஏற்றுவார்கள். எண்ணெய்? அதைச் சொல்லவில்லையே!

ஒருநாள் தாகத்தோடு ஒரு மந்திரவாதி வாசலில் வந்து தண்ணீர் கேட்டார்.

"கதவைக் காக்கத்தான் உத்தரவு. தண்ணி குடுக்க இல்லை" என்றான் காவல்காரன் வீரபாகு.

மந்திரவாதிக்கு வந்ததே கோபம்! அங்கே மறைந்தவர், முற்றத்தில் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்த மகாராணி செங்கமலவல்லியின் எதிரே முளைத்தார். கையை அசைத்தார். இளவரசி இன்பவல்லி தொட்டியில் ஒரு செம்பருத்திச் செடியாகிவிட்டாள்!

"யாரும் சொல்லாமல், தானாக மனம்வந்து ஒருவர் தண்ணீர் ஊற்றினால் உன் பெண் திரும்புவாள். நீ ஊற்றினாலோ, ஊற்றச் சொன்னாலோ அந்தக் கணமே கருகுவாள். கடைசி இலை உதிர்ந்தாலும் அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு மறைந்தார். வேறு யாருக்கும் விஷயம் தெரியாது. வெயில் ஏறியது. இலைகள் தொங்கின.

குடத்தோடு வந்தான் வேலப்பன்.

"வேலப்பா, செடியைப் பார்த்தாயா?"

"பார்த்தேன் தாயே."

"எப்படி இருக்கிறது?"

"வாடிக் கெடக்கு தாயே."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன தாயே, என் டூட்டி குளியலறைத் தொட்டி." போனான்.

துடைப்பத்தோடு வந்தாள் அங்கம்மா.

"என்ன வெயில், பாவம் இந்தச் செடி!" என்று பெருமூச்சு விட்டாள் மகாராணி.

"ஆமாம்மா, இலை இலையாக் கொட்டி என் உயிரை வாங்குது." உதிர்ந்ததைக் கூட்டினாள். போனாள்.

வீரபாகு வந்தான். மகாராணி வாயே திறக்காமல் செடியையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கழுத்து சுளுக்கா மகாராணி? வைத்தியரைக் கூப்பிட உத்தரவா?"

மகாராணி தலையில் அடித்துக்கொண்டாள். அவனும் போனான்.

மூன்று இலை பாக்கி. இரண்டு. ஒன்று! மகாராணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்போது ஈரத்துணி உலர்த்த வந்தாள் குயிலி. கொடியருகே போனாள். நின்றாள். திரும்பினாள்.

"இப்படியா ஒரு செடியைக் காயப்போடுவாங்க? கண்ணு இல்லையா இவங்களுக்கு?" முணுமுணுத்தபடி கிணற்றில் ஒரு வாளி இறைத்துவந்து தொட்டியில் ஊற்றினாள்.

படார்! தொட்டி வெடித்தது. சொட்டச் சொட்ட நின்றாள் இளவரசி. குயிலி பயந்துபோய்த் தூணுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"யார் தண்ணீர் ஊற்றியது?" என்று கத்தினாள் மகாராணி. எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"நான் இல்லை!" என்றான் வேலப்பன்.

"நான் இல்லவே இல்லை!" என்றாள் அங்கம்மா.

"சத்தியமா நான் இல்லை!" என்றான் வீரபாகு.

"நான்தாம்மா..." குயிலி தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "போன வாரம் ஊஞ்சலைத் துடைச்சதுக்கே 'உன்னை யாருடி செய்யச் சொன்னது'ன்னு கத்தினீங்க. இதுக்கும் திட்டாதீங்கம்மா."

மகாராணி தன் முத்துமாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டாள். அரண்மனைச் சாவிக்கொத்தை அவள் இடுப்பில் செருகினாள். யாருடி செய்யச் சொன்னது என்ற கேள்வி அன்றோடு அந்த அரண்மனையை விட்டுப் போனது.

மற்ற மூவரும்? அவ்வளவு சீக்கிரம் திருந்துவார்களா! ஆனால் மழை பொய்த்த ஓர் ஆண்டில் ஒருநாள் வேலப்பன், யாரும் சொல்லாமல், முற்றத்தில் வாடிய மாதுளைக்கு ஒரு குடம் ஊற்றினான். அரண்மனையே கூடிநின்று பார்த்தது. அந்த மாதுளையும் காய்த்தது, அவர்களும் நன்றாக இருந்தார்கள்.