மதிலுக்கு உள்ளே ஒரு குழி

கல்லறைத் தோட்டத்தில் ஊருக்கெல்லாம் குழி வெட்டியவன் மாசிலாமணி. அன்றைக்குத் தன் பெண்டாட்டி அருமைக்கண்ணுக்கே வெட்டினான். பிள்ளை குட்டி கிடையாது. அவள் ஒருத்திதான் இருந்தாள்.

சவப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததும் போதகர் ஞானாதிக்கம் கத்தினார். "கோயில் வாசலை மிதிக்காதவளுக்கு மதிலுக்குள்ளே இடமா? வெளியே வெட்டுடா!"

மாசிலாமணி கேட்டான்: "யார் எங்கே போகணும்னு உலகம் உண்டாகுறதுக்கு முந்தியே ஆண்டவர் குறிச்சிட்டாரு, மனுஷன் இஷ்டம்னு ஒண்ணும் இல்லைன்னு ஞாயித்துக்கிழமை நீங்கதானே சொன்னீங்க ஐயா? அவ கோயிலுக்கு வராததும் அவர் குறிச்சதுதானே?"

"அதெல்லாம் இல்லை! அது அவ இஷ்டம். அவளாத்தான் வரலை!"

பெட்டி தூக்கி வந்தவர்கள் போதகரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்போ மனுஷனுக்கும் இஷ்டம் உண்டுன்னு வர்ற ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல சொல்லிடுங்க ஐயா, நான் வெளியே வெட்டுறேன். இல்லைன்னா, இந்தக் குழியும் அவர் குறிச்ச இடந்தான்."

போதகர் ஜெபப் புத்தகத்தைத் திறந்தார்.

எல்லாரும் போனபின் மாசிலாமணி தனியாக மண்ணைத் தள்ளி மூடினான். அவளுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஓர் ஆள் படுக்கிற அகலம் விட்டு வைத்திருந்தான். அது ஆண்டவர் குறித்ததா, அவன் இஷ்டமா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. வீட்டிலும் இல்லை.