குழல் குத்துகிறது

சேலத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில், சங்கமித்திரை ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்துவந்தார். அவருக்கு வயது முப்பத்து மூன்று. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த தவமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

தவமணி கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசிப்பவர். வாலிபத்திலிருந்து மற்றவர்கள் போட்ட பாட்டைத்தான் வாசித்துவந்தார். இப்போதுதான் முதல்முறையாக, புதிதாகப் படம் எடுக்க வந்த ஒருவர், சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டுத் தரச் சொல்லியிருந்தார். பிடித்தால் படத்தில் வரும். சனிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

மெட்டு ஒரே காலையில் வந்துவிட்டது. ஒரு பெண்ணைப் பாடவைத்துக் குரலையும் பதிந்துகொண்டார். அதற்குப் பிறகு பாட்டு நகரவில்லை.

அந்த மாடியில் ஒலிப்பதிவு மென்பொருள்களைத் திரையின் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தவமணி முதலில் சாம்பலில் ஆரம்பித்தார். வயலின் நன்றாக இருந்தது. நாலு வாத்தியம் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் திணறியது. ஆரஞ்சுக்கு மாறினார். தாளம் அடுக்கச் சுலபமாக இருந்தது, ஆனால் வயலின் தகரம் போலக் கேட்டது. கறுப்புக்குப் போனார். அதில் எதையும் செய்யலாம் என்றார்கள். எது எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு முறை மாறும்போதும் ஏதாவது ஒன்று வழியில் கெட்டுப்போனது. ஒருமுறை தபேலா வாசித்த இடமெல்லாம் பியானோவாக ஒலித்தது.

வெள்ளிக்கிழமை அவர் மறுபடி சாம்பலுக்கு வந்திருந்தார். அவருடைய குழுவில் கிட்டார் வாசிக்கும் யூஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். யூஜின் ஆரஞ்சுக்காரன்.

"அண்ணே, ஆரஞ்சை விட்டு வராம இருந்திருந்தா இந்நேரம் படமே ரிலீஸ் ஆகியிருக்கும்."

"உன் ஆரஞ்சு பாதியில தானா மூடிக்குது. போன வாரம் ஒரு சரணமே போச்சு."

"நீங்க சேவ் பண்ணல."

"சாம்பல் கேக்காமலே சேவ் பண்ணும்டா."

"கேக்காமலே ஹேங்கும் ஆகும்."

தவமணி திரும்பினார். சங்கமித்திரை மூலையில் நின்று மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. எது நல்லது?"

"எதுல பாட்டு முடிஞ்சிருக்கு?"

"எதுலயும் முடியல."

"அப்போ எனக்கு எப்படிண்ணா தெரியும்?"

யூஜின் சிரித்தான். தவமணி சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் பாட்டை மறுபடி ஆரஞ்சுக்கு மாற்றினார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லாம் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒன்று மட்டும் உட்காரவில்லை. பல்லவி முடிந்து சரணம் தொடங்குகிற இடத்தில் புல்லாங்குழல் வருகிறது. அது காதில் குத்தியது.

"ஈக்யூ போட்டுப் பாருங்கண்ணா. நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்று சங்கமித்திரை கீழே இறங்கிப் போனார்.

ஈக்யூ என்பது சத்தத்தின் கூர்மையைக் குறைக்கவும் கனத்தைக் கூட்டவும் உதவுகிற கருவி. யூஜின் மவுஸைப் பிடித்துக்கொண்டான். தவமணி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் கொறை."

"கொறைச்சாச்சு."

"இன்னும்."

"ம்."

"ரொம்பக் கொறைச்சுட்ட. குழல் செத்துப்போச்சு. கூட்டு."

"கூட்டியாச்சுண்ணே."

"திரும்ப ஓட்டு."

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மிஷின் ஓடும்போது நிறுத்தினார்கள். அது ஓய்ந்ததும் மறுபடி ஓட்டினார்கள். அதே இடம், அதே குழல். கூட்டு, குறை, திரும்ப ஓட்டு. கடைசியில் தவமணி கையை உயர்த்தினார்.

"நிறுத்து! இதான். இதுக்கு மேல தொடாத."

"குத்தல இல்ல?"

"தேன்டா."

"இதைத்தான் நான் தலையால தண்ணி குடிச்சுச் சொல்லிட்டிருக்கேன். ஆரஞ்சு ஈக்யூ மாதிரி வராதுண்ணே."

"ஒத்துக்கறேன். சாம்பல் தோத்துச்சு, போ."

சங்கமித்திரை கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு பேருடைய முகத்தையும் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். ஒரு விரலை நீட்டி ஈக்யூவின் மூலையைக் காட்டினார்.

அந்த மூலையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. அது எரிந்தால்தான் கருவி வேலை செய்யும். எரியாவிட்டால் எந்தத் திருகைத் திருகினாலும் ஒரு சத்தமும் மாறாது.

விளக்கு எரியவில்லை.

யூஜின் மவுஸிலிருந்து கையை எடுத்தான். "நான் போட்டேனே..."

"போடல" என்றார் சங்கமித்திரை.

"அண்ணே, நீங்கதான தேன்னு சொன்னீங்க?"

தவமணி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"யாருக்குண்ணா?"

"டைரக்டருக்கு. வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன். மாறாததை மாறுச்சுன்னு சொல்ற காது டீச்சர் இது. இதை வச்சுக்கிட்டு அடுத்தவங்க பாட்டை வாசிக்கலாம். சொந்தமா ஒண்ணு போடணும்னு ஆசைப்படக் கூடாது."

"அண்ணே, விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றான் யூஜின்.

"நீ சொன்னதுல தப்பில்லடா."

சங்கமித்திரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பேசுங்கண்ணா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டறேன். தேன்னு எந்த இடத்துல சொன்னீங்களோ அங்க கையைத் தூக்குங்க."

"எதுக்கு டீச்சர்?"

"எனக்குத் தெரியணும்."

தவமணி போனை மடியில் வைத்துக்கொண்டு அரை மனதாகக் கண்ணை மூடினார். பல்லவி ஓடியது. முடிந்தது. அவர் கை உயர்ந்தது. சங்கமித்திரை நிறுத்தினார்.

"இங்க என்ன கேக்குது?"

"குழல்தான்."

"குழல் இன்னும் வரல. அதுக்குள்ள கையைத் தூக்கிட்டீங்க."

தவமணி கண்ணைத் திறந்தார். "திரும்ப ஓட்டுங்க."

ஓட்டினார்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது முறை கேட்டுவிட்டுத் தவமணி மெதுவாகச் சொன்னார்: "பாடின பொண்ணு மூச்சு இழுக்குது. பல்லவியைப் பாடி முடிச்சதும். அழுகையை அடக்கறப்போ இழுப்போமே, அந்த மாதிரி. இத்தனை நாளா எனக்கு இது கேக்கவே இல்ல."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ஓட்டி ஓட்டிக் காது அங்க போயிருக்கு. அது அங்க போனதும் குழல் பெருசாத் தெரியல. அதான் குத்தாத மாதிரி..." அவர் பேச்சை நிறுத்தினார். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "குழல்ல கோளாறு இல்ல டீச்சர். அது சீக்கிரம் வந்துடுது. அவ மூச்சு மேலேயே ஏறி உட்காருது."

சங்கமித்திரை எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார்.

தவமணி மவுஸைப் பிடித்தார். குழலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பாடிய பெண் மூச்சை முழுவதும் இழுத்து முடிக்கிறாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு குழல் வருகிறது.

ஓட்டிக் கேட்டார்கள்.

"அண்ணே" என்றான் யூஜின்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. புல்லரிக்குது."

"நிஜமாவா? விளக்கு எரியுதான்னு பாத்துட்டுச் சொல்லு."

யூஜின் சத்தமாகச் சிரித்தான். இந்த முறை தவமணியும் சிரித்தார்.

பாட்டை ஒரே கோப்பாக்கி, இயக்குநரின் முகவரி போட்டு எல்லாம் தயாரானது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் மேஜை வரைக்கும் வந்துவிட்டது. தவமணியின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"தபேலா கொஞ்சம் கனமா இருக்கோ?"

"இல்லண்ணே."

"வயலின் மட்டும் சாம்பல்ல ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமா? அதுல வயலின் நல்லா..."

யூஜின் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

தவமணி சங்கமித்திரையைப் பார்த்தார். "இருக்கறது ஒரே பாட்டு டீச்சர். பயமா இருக்கு. இப்ப அனுப்பிட்டு நாளைக்குக் கேட்டா, வேற ஏதாவது குத்துமே?"

"குத்தும்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "அப்போ என்ன பண்றது?"

"அதை அடுத்த பாட்டுல சரி பண்ணுங்கண்ணா."

"அடுத்த..." என்றார் தவமணி. அவர் விரல் பொத்தானில் இறங்கியது.