மஞ்சாற்றில் மல்லாந்த ராஜா

மஞ்சாறு மலையிறங்கி முதல் வளைவு திரும்புகிற சீமையை, எந்தக் காலமோ, மழவராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் நினைத்தது நினைத்தபடி நடக்க வேண்டும். காலையில் பரிசு கொடுத்த யானையை மாலையில் திரும்பக் கேட்பார்.

பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி நின்றன. தூக்கத்திலும் பல்லைக் கடிப்பார். தைலம், ஒத்தடம், பற்று எதற்கும் அது மசியவில்லை.

அரண்மனை அதிகாரி கீர்த்திவளவருக்கு, மந்திரி ஆராவமுதரின் பதவி மேல் நெடுநாளாக ஒரு கண். அவர் ராஜாவிடம் போய், "அரசே, இது மனசு படுத்தும் பாடு. தியானம் செய்யுங்கள். என்னைப் பாருங்கள், உட்கார்ந்தால் கற்சிலை! ஆனால் முதலில் ஊரில் நிசப்தம் வேண்டும்" என்றார்.

உடனே உத்தரவு பறந்தது. தறி ஓடக்கூடாது. துறையில் துணி அடித்துத் துவைக்கக்கூடாது. மாட்டுக்கு மணி கட்டக்கூடாது. ஊர் வாயைக் கட்டிக்கொண்டது, கூடவே வயிற்றையும். ராஜா புலித்தோலில் விறைத்து உட்கார்ந்து, 'அடங்கு, அடங்கு' என்று மனசை அதட்டினார். அது தறிகெட்டு ஓடியது. அத்தனை நிசப்தத்தில் அவருக்குக் கேட்டதெல்லாம் தன் பல் நறநறப்பதுதான்.

சபையில் ஆராவமுதர் எழுந்தார். "அரசே, நெசவாளர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. உத்தரவை விலக்கிக்கொள்ள வேண்டும்."

"பாவம், அமைதி என்றால் என்னவென்று மந்திரிக்குத் தெரியாது" என்றார் கீர்த்திவளவர்.

"உமக்குத் தெரியுமா என்று பார்த்துவிடலாமே."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் கொள்ளை ஆசை. "சபாஷ்! உங்கள் இருவரில் யாருக்கு உடம்பும் மனசும் தளர்ந்திருக்கிறதோ அவர் சொல்வதே சட்டம். தோற்றவர் ஊரை விட்டே போக வேண்டும். ஆனால் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?"

"லஞ்சம் வாங்காத நீதிபதி ஒருவர் இருக்கிறார், அரசே" என்றார் ஆராவமுதர். "மஞ்சாறு! தண்ணீரில் மல்லாந்து படுப்போம். உடம்பை இறுக்குகிறவரை ஆறு இறக்கிவிடும். விட்டவரை ஏந்திக்கொள்ளும்."

ஆறு தேங்கி நிற்கிற மடுவுக்குச் சபை மொத்தமும் போயிற்று. மார்பளவு தண்ணீர். கீர்த்திவளவர் கற்சிலையாகத்தான் படுத்தார். கரையில் யார் பார்க்கிறார்கள் என்று கவனிக்க வேண்டுமே, அதனால் தலையைத் தூக்கியே வைத்திருந்தார். கால் இறங்கியது, இடுப்பு இறங்கியது, கடைசியில் மீசையும் இறங்கியது. இரண்டு வீரர்கள் தூக்கிவிட்டார்கள்.

ஆராவமுதரோ தொந்தி மேலே தெரிய, நரைத்த முடி நீரில் விரிய, இலை மாதிரிக் கிடந்தார். அவர் கால் கட்டைவிரலில் ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. இளவரசனாக இருந்தபோது இதே மடுவில் இதே ஆராவமுதனோடு மதியமெல்லாம் மிதந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. மடுவைத் தாண்டினால் ஆறு இருவரையும் மருத மரம் வரை இழுத்துக்கொண்டு போகும். சுடுமணலில் துள்ளித் துள்ளித் திரும்பி ஓடி வருவார்கள். அந்த மணலின் சூடு இப்போது உள்ளங்காலில் ஏறியது போலிருந்தது. வானத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத அந்தக் கண்கள் எங்கே போயின?

கிரீடத்தைப் படியில் வைத்துவிட்டு ராஜா ஆற்றில் இறங்கினார். மல்லாந்தார். மூழ்கினார். இருமிக்கொண்டே எழுந்து, "மறந்து போயிற்று ஐயா" என்றார். குரல் உடைந்திருந்தது.

ஆராவமுதர் அவர் பிடரிக்கடியில் உள்ளங்கையை வைத்தார். "முயற்சியே செய்யாதீர்கள், அரசே. காலை விடுங்கள். வயிற்றை விடுங்கள். விரலைப் பிரியுங்கள்."

"எல்லாவற்றையும் விட்டுவிட்டால் நாட்டை யார் பிடித்துக்கொள்வது?"

"கொஞ்ச நேரம் அது தானாக நிற்கும். நாம் பிறப்பதற்கு முன்னாலும் நின்றதுதானே?"

கால் மிதந்தது, கை மிதந்தது. கழுத்து மட்டும் கட்டையாகவே இருந்தது. மந்திரி தன்னை மறந்து அதட்டினார்: "மழவா, கழுத்தை விடுடா!"

கரையில் நின்ற தளபதியின் கை வாளுக்குப் போயிற்று.

தகப்பனார் காலமான பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. ராஜாவின் தோள் இறங்கியது. தலை கனத்து, அந்தக் கையில் முழுசாகச் சாய்ந்தது. காது நீருக்குள் போக, தன் மூச்சு வருவதும் போவதும் கேட்டது. அதை அவர் அதட்டவில்லை, வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணோரம் வழிந்தது ஆற்றோடு போயிற்று. மந்திரி எப்போது கையை எடுத்தார் என்று அவருக்குத் தெரியாது.

கரையேறியதும், "தறியை ஓட்டச் சொல்லுங்கள்" என்றார். பிறகு கீர்த்திவளவரைப் பார்த்தார். "ஊரை விட்டு எங்கே தப்பிப்பீர்? மிதக்கக் கற்றுக்கொள்ளும் வரை தினமும் மந்திரி கையில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும்."

"வெட்கமாக இருக்கிறது, அரசே."

"அதையும் தண்ணீரில் விட்டுவிடும்."

ஆராவமுதருக்கு ஒரு கிராமத்தையே எழுதி வைக்கப் போனார் ராஜா. அவர் வேண்டாமென்றுவிட்டார். "சபையில் அரசே என்பேன். ஆற்றில் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட அனுமதி கொடுங்கள், போதும்."

ஆற்றில் வெள்ளம் வந்த மாதங்களில் ராஜா வெறுந்தரையிலேயே மல்லாந்து பழகினார். கால், வயிறு, விரல் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், முதுகுக்கடியில் தண்ணீர் அசைவது போலிருக்கும்.

காலம் போயிற்று. ஆராவமுதரும் போய்ச் சேர்ந்தார். சடங்கெல்லாம் முடிந்த பிற்பகலில் ராஜா கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். கால் தளர்ந்தது, கை தளர்ந்தது. கழுத்து பழையபடி இறுகிக்கொண்டது.

கீர்த்திவளவர் மெல்ல வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். பிடரிக்கடியில் கையைக் கொடுத்தார். அக்கம் பக்கம் பார்த்தார். கடைசியில் பயந்து பயந்து, "மழவா..." என்றார்.

"அவன் குரல் மாதிரி கொஞ்சமும் இல்லையே" என்று ராஜா சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. அவர் தலையின் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கையில் இறங்கியது. கீர்த்திவளவர் கை மரத்துப்போகும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.